பகிடிக்கு வந்த ஆமி: ஆதர் லோவின் வாழ்வும் தெட்போட் ஊரும்

பிரித்தானியாவில் பழைய தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்களைத் தேடி ஊர் ஊராகப் போகிறவர்கள் இருக்கிறார்கள். யோர்க்ஷயரில் ஹோம்பேர்த் என்றொரு சிறு நகரம் உண்டு. ஒரு தொடரில் வந்த தேநீர்க்கடையில் இருந்து தேநீர் குடிப்பதற்காகவே அங்கே ஆட்கள் வருகிறார்கள். திரையில் பார்த்த கதவு, படி, சந்தி, பாலம் ஆகியவற்றின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். கதை கற்பனை என்று தெரியும். ஆனாலும் கட்டடம் உண்மையிலேயே நிற்கிறது என்பதில் அவர்களுக்கு ஒரு மகிழ்ச்சி.

நானும் அப்படித்தான் போனேன். நான் தேடிப்போனது ஆதர் லோ என்ற நடிகரை. அவர் இறந்து நாற்பது வருடங்களுக்கு மேலாகிவிட்டது. இன்றும் ஆங்கிலேயரிடம் அவரது படத்தைக் காட்டினால் பெயரைச் சொல்ல மாட்டார்கள், கப்டன் மனரிங் என்பார்கள். டாட்ஸ் ஆமி என்ற தொடரில் அவர் ஏற்ற வேடம் அது.

அப்பாமாரின் ஆமி என்பது அந்தப் பெயரின் பொருள். ஆமி என்ற சொல்லை எங்கள் சனம் எப்படிக் கேட்டு வளர்ந்தது என்பதை இங்கே எழுதத் தேவையில்லை. அந்தச் சொல்லைப் பெயரிலேயே வைத்திருக்கும் பகிடித் தொடரை ஒரு நாடே குடும்பத்தோடு இருந்து பார்த்துச் சிரிப்பது எனக்கு முதலில் விளங்கவில்லை. போரைப் பற்றி யார் சிரிக்கலாம்? எவ்வளவு காலம் போனபின் சிரிக்கலாம்? இந்தக் கேள்விகளோடுதான் லோவின் வாழ்க்கையைப் படிக்கத் தொடங்கினேன். படித்த பிறகு, அவர் பிறந்த, நடித்த, இறந்த இடங்களைப் பார்க்க வேண்டும் போல இருந்தது.

ஹேபீல்டில் பிறந்த பிள்ளை

ஆதர் லோ 1915 செப்டெம்பர் 22 அன்று டாபிஷயர் மாவட்டத்தின் ஹேபீல்ட் கிராமத்தில் பிறந்தார். முதலாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். மன்செஸ்டரில் இருந்து கிழக்கே மலையடிவாரத்தில் இருக்கிறது அந்தக் கிராமம். கிண்டர் வீதியில் அவர் பிறந்த வீட்டுச் சுவரில் ஒரு நினைவுப்பலகை பதித்திருக்கிறார்கள். கருங்கல்லால் கட்டிய வரிசை வீடுகளில் அதுவும் ஒன்று. பலகை இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக்கும் அதற்கும் வேறுபாடு தெரியாது.

ஹேபீல்டுக்கு இன்னொரு பெயரும் உண்டு. கிண்டர் மலையின் மேட்டு நிலங்களை அக்காலத்தில் நிலவுடைமையாளர்கள் வேட்டைக்காக மூடி வைத்திருந்தார்கள். 1932 ஏப்ரலில் மன்செஸ்டர் பக்கத்துத் தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில் ஹேபீல்டில் கூடி, தடையை மீறி அந்த மலையில் ஏறினார்கள். சிலர் சிறைக்குப் போனார்கள். பின்னாளில் நாட்டின் மலைகளும் வெளிகளும் பொதுமக்களின் நடைக்குத் திறக்கப்பட்டதற்கு அந்த நாளும் ஒரு காரணம் என்று சொல்வார்கள். அப்போது லோவுக்கு 16 வயது. அந்தப் போராட்டத்தோடு அவருக்குத் தொடர்பு ஏதும் இல்லை. ஆனால் மூடிய காணி என்ற விடயம் இந்தப் பயணத்தில் பிறகு திரும்பவும் வந்தது.

லோவின் தந்தை புகையிரத நிறுவனத்தில் வேலை செய்தவர். ஊர் ஊராகப் போகும் நாடகக் குழுக்களுக்கு விசேட ரயில்களை ஒழுங்குசெய்வது அவரது பொறுப்புகளில் ஒன்று. குடும்பம் மன்செஸ்டரின் லெவன்ஷூம் பகுதிக்குக் குடிபெயர, பிள்ளை அங்கேயே படித்து வளர்ந்தான். கப்பலில் வேலைக்குப் போவதுதான் இளவயது ஆசை. கண்பார்வை குறைவு என்பதால் அது சரிவரவில்லை. வாகன உதிரிப்பாகக் கடையிலும் விமானத் தொழிற்சாலையிலும் வேலை பார்த்தார். போர் வெடிக்க முன்னரே, 1939 இன் தொடக்கத்தில் தொண்டர் படையில் சேர்ந்துவிட்டார்.

குதிரைப் படைப்பிரிவு ஒன்றில் தொடங்கி, பிறகு இயந்திர மின் பொறியியல் பிரிவுக்கு மாற்றப்பட்டு மத்திய கிழக்குக்கு அனுப்பப்பட்டார். அவர் முன்னரங்கில் சண்டை பிடித்தவர் அல்ல. எகிப்தின் பாலைவன முகாம்களில் சிப்பாய்களின் சலிப்பைப் போக்க யாராவது ஏதாவது செய்ய வேண்டியிருந்தது. லோ நாடகம் போடத் தொடங்கினார். ஒரு மனிதனின் தொழிலை அந்த முகாம்தான் தீர்மானித்தது. போர் முடிந்தபோது அவர் சார்ஜன்ட் மேஜர். வயது 29.

மூடிக் கிடக்கும் அரங்கு

மன்செஸ்டரின் ஹியூம் பகுதியில் ஹிப்பொட்ரோம் என்ற பழைய நாடக அரங்கு நிற்கிறது. 1901 இல் திறந்தது. 1945 இன் இறுதியில், படையை விட்டு வந்த கையோடு லோ முதன்முதல் சம்பளத்துக்கு நடித்த மேடை அதுதான். அந்தக் காலத்தில் இத்தகைய அரங்குகளில் வாரம் ஒரு நாடகம் மாறும். இரவில் ஒன்றை நடித்துக்கொண்டு, பகலில் அடுத்த வாரத்துக்கான நாடகத்தைப் பழக வேண்டும். அரங்கு இன்று பூட்டிக் கிடக்கிறது. அதைக் காப்பாற்றச் சிலர் பாடுபடுகிறார்கள். நான் போனபோது வெளிச்சுவரை மட்டும்தான் பார்க்க முடிந்தது.

மன்செஸ்டர் நாடகக் குழுவில்தான் ஜோன் கூப்பர் என்ற நடிகையைச் சந்தித்தார். ஜோன் அப்போது வேறொருவருடைய மனைவி. 1948 இல் இருவரும் லண்டனில் திருமணம் செய்துகொண்டார்கள். அதன் பிறகு சாகும்வரை அந்த இணை பிரியவில்லை. கணவனுக்கு வேலை தருகிறவர்கள் மனைவிக்கும் ஒரு பாத்திரம் தர வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்ததாகக் கூட நடித்தவர்கள் பலர் நினைவுகூர்ந்திருக்கிறார்கள்.

புகழ் உடனே வரவில்லை. 1949 இல் வெளிவந்த கைண்ட் ஹார்ட்ஸ் அன்ட் கொரோனெட்ஸ் என்ற புகழ்பெற்ற படத்தின் கடைசியில், சிறை வாசலில் நிற்கும் பத்திரிகை நிருபராக ஒரு நிமிடம் வந்து போவார். குள்ளமான, சற்றுப் பருத்த, வழுக்கை விழுந்த மனிதருக்குக் கதாநாயகன் வேடம் யார் கொடுப்பார்கள்? வங்கி ஊழியர், கடைக்காரர், அலுவலர் என்று சிறு சிறு வேடங்கள். 1960 இல், 45 வயதில், கொரோனேஷன் ஸ்ட்ரீட் தொடரில் துணிக்கடை நடத்தும் லெனாட் சுவின்ட்லி என்ற வேடம் கிடைத்தது. தன்னைப் பெரிய ஆளாக நினைத்துக்கொண்டு, உலகத்தால் அப்படி மதிக்கப்படாத ஒரு மனிதன். கல்யாண நாளன்று மணப்பெண் வர மறுத்துவிடும் மாப்பிள்ளை. நாடு முழுவதும் அவரை அடையாளம் கண்டது.

அகதிகளை வெட்டிய கதை

இனி அந்தத் தொடரின் பின்னணி. 1940 மே 14 அன்று இரவு, ஜெர்மன் படைகள் பிரான்ஸுக்குள் புகுந்துகொண்டிருந்த நேரம், பிரித்தானியப் போர் அமைச்சர் அன்ரனி ஈடன் வானொலியில் பேசினார். படையில் சேர முடியாத 17 முதல் 65 வயது வரையான ஆண்கள் ஊர்க்காவலுக்கு முன்வர வேண்டும் என்று கேட்டார். ஒரு நாளுக்குள் சுமார் 250,000 பேர் பெயர் கொடுத்தார்கள். ஹோம் கார்ட் என்று பின்னர் பெயர் மாற்றப்பட்ட அந்த அமைப்பில், உச்சக்கட்டத்தில் சுமார் 17 இலட்சம் பேர் இருந்தார்கள். தொடக்கத்தில் துவக்கு இல்லை. வேட்டைத் துப்பாக்கியும் தும்புத்தடியுமாகக் காவல் நின்றார்கள். பிறகு, இரும்புக் குழாயில் கத்தியை ஒட்டிய ஈட்டிகள் 250,000 செய்விக்கப்பட்டன. அதைக் கையில் வாங்கியவர்களுக்கு வந்த கோபம் நாடாளுமன்றம் வரை போனது. நாஸிப் படை கரையிறங்கவில்லை. 1944 டிசெம்பரில் ஹோம் கார்டைக் கலைத்து அனுப்பினார்கள்.

ஜிமி பெரி என்ற நடிகர் பதின்ம வயதில் ஹோம் கார்டில் இருந்தவர். 1967 இல் தனக்கென்று ஒரு வேடம் தேடி, அந்த அனுபவத்தைத் தொடராக எழுதினார். இயக்குநர் டேவிட் குரொஃப்ட் அவரோடு சேர்ந்துகொண்டார். தென்கரையில் வோல்மிங்டன் என்ற கற்பனை ஊர். அதன் வங்கி மேலாளர் தன்னைத் தானே கப்டனாக நியமித்துக்கொள்கிறார். இறைச்சிக்கடைக்காரர், பிணப்பெட்டி செய்பவர், கள்ளச் சந்தை வியாபாரி, வங்கியின் எழுதுவினைஞர், அம்மா கட்டிவிட்ட கழுத்துத் துணியோடு வரும் பொடியன் ஆகியோர் அவரது படை. கப்டன் வேடத்துக்கு லோவைப் போடுவதில் பிபிசியில் சிலருக்கு விருப்பம் இருக்கவில்லை. அவர் எதிர் அலைவரிசையின் ஆள். வேறு நடிகர்களைக் கேட்டுப் பார்த்து, அவர்கள் மறுத்த பிறகுதான் லோவிடம் வந்தார்கள்.

தொடருக்கு எதிர்ப்பும் இருந்தது. நாட்டின் இக்கட்டான வேளையில் முன்வந்த முதியவர்களைக் கேலி செய்வதா என்று பிபிசியின் மேலிடம் பயந்தது. முதல் அத்தியாயத்தின் தொடக்கக் காட்சிக்கென உண்மையான போர்க்காலச் செய்திப் படங்களைச் சேர்த்திருந்தார்கள். முன்னேறும் நாஸிப் படையும் தெருக்களில் மூட்டை முடிச்சோடு ஓடும் அகதிகளும் அதில் இருந்தார்கள். பிபிசியின் அலைவரிசைப் பொறுப்பாளர் அதை நீக்கச் சொன்னார். பகிடித் தொடரில் இது தகாது என்பது அவரது நிலைப்பாடு. அதற்குப் பதிலாக வரைபடத்தில் அம்புக்குறிகள் ஒன்றையொன்று துரத்தும் காட்சியை வைத்தார்கள். இன்று அந்தத் தொடர் என்றாலே எல்லோருக்கும் நினைவுக்கு வருவது அந்த அம்புகள்தான்.

இதைப் படித்தபோது கொஞ்ச நேரம் யோசித்தேன். ஓடிய சனத்தைப் படத்திலிருந்து எடுத்துவிட்டால் போரைப் பார்த்துச் சிரிக்கலாம். அம்புக்குறிக்கு இரத்தம் இல்லை, பிள்ளை இல்லை. அந்த அதிகாரி செய்தது பிழை என்று நான் சொல்லமாட்டேன். அந்த அகதிகளை வைத்துக்கொண்டு சிரிக்க வைத்திருந்தால் அதுதான் பெரும் அநியாயம். ஆனால் எங்களைப் போன்றவர்கள் அந்த அம்புகளைப் பார்க்கும்போது, வெட்டப்பட்ட அந்தப் படத்தையும் சேர்த்தே பார்க்கிறோம்.

தொடரின் முதல் அத்தியாயம் 1968 ஜூலை 31 அன்று ஒளிபரப்பானது. 1977 நவம்பர் 13 வரை 80 அத்தியாயங்கள் வந்தன. உச்சத்தில் ஏறத்தாழ 1 கோடி 80 இலட்சம் பேர் பார்த்தார்கள்.

சிரிக்க வைத்தவர்களின் காயங்கள்

அந்தப் படையில் நடித்தவர்கள் யார் என்று தேடிப் பார்த்தபோதுதான் என் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்தது.

சாந்தமான கிழவர் கொட்ஃப்ரியாக வரும் ஆர்னல்ட் ரிட்லி, தொடர் தொடங்கும்போது 72 வயதுக்காரர். 1916 இல் சொம் போர்க்களத்தில் துவக்கின் அடிக்கட்டையால் தலையில் அடிபட்டார், கத்திக் குத்துப் பட்டார். இடது கை ஒருபோதும் முழுதாகச் சரிவரவில்லை. திடீரென்று மயங்கி விழும் நோயும் கெட்ட கனவுகளும் வாழ்நாள் முழுக்க இருந்தன. 1940 இல் திரும்பவும் படையோடு பிரான்ஸுக்குப் போய், தப்பி வந்தார். இறைச்சிக்கடைக்காரர் ஜோன்ஸாக வரும் கிளைவ் டன், 1941 இல் கிரேக்கத்தில் பிடிபட்டு, போர் முடியும்வரை ஒஸ்ரியாவில் கைதியாகக் கிடந்தவர். பிணப்பெட்டி செய்பவராக வரும் ஜோன் லோரி முதலாம் போரில் களம் கண்டவர், இரண்டாம் போரில் உண்மையான ஹோம் கார்டில் இருந்தவர். சார்ஜன்ட் வில்சனாக வரும் ஜோன் லு மெசூரியர் நிசப் படையில் கப்டனாக இருந்து, இந்தியாவின் வடமேற்கு எல்லையில் பணியாற்றியவர். கப்டனாக நடித்த லோ நிசத்தில் சார்ஜன்ட் மேஜர். திரையில் பதவிகள் தலைகீழாகின.

1969 இல் வந்த ஓர் அத்தியாயத்தில், கொட்ஃப்ரி முதலாம் போரில் ஆயுதம் ஏந்த மறுத்தவர் என்பது தெரியவருகிறது. கப்டன் உட்பட எல்லோரும் அவரைக் கோழை என்று ஒதுக்குகிறார்கள். பிறகுதான் விளங்குகிறது, அவர் சொம் களத்தில் காயப்பட்டவர்களைத் தூக்கிக்கொண்டு வந்த மருத்துவத் தொண்டர், அதற்காக வீரப் பதக்கம் பெற்றவர், பெருமைக்காக அதை அணிய விரும்பாதவர். கப்டன் மனரிங் வாயடைத்துப் போகிறார். அந்தக் காட்சியில் லோ ஒன்றும் பெரிதாகச் செய்வதில்லை. முகத்தில் ஒரு சிறு தளர்வு, அவ்வளவுதான். அவருக்கு எதிரே படுத்திருக்கும் நடிகரின் உடம்பில் உண்மையான சொம் காயங்கள் இருந்தன.

1973 இன் ஓர் அத்தியாயத்தில், பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் கப்டன், தன்னைக் கேலி செய்பவர்களின் பெயர்களைக் குறித்து வைக்கிறான். வென்றபின் கணக்குத் தீர்க்க அந்தப் பட்டியல். பொடியன் பைக் அவனைக் கிண்டல் செய்ய, உன் பெயர் என்ன என்று கேட்கிறான். பெயரைச் சொல்லிவிடாதே என்று பொடியனை எச்சரிக்கும் பதற்றத்தில் கப்டன் மனரிங்கே பெயரைச் சொல்லிவிடுகிறார். பிரித்தானியத் தொலைக்காட்சியின் மிகச் சிறந்த நகைச்சுவைக் கணம் என்று இதைச் சொல்பவர்கள் ஏராளம். பெயர்ப் பட்டியல், கேட்டவுடன் சொல்லிவிட்ட பெயர், அதன் விலை ஆகியவை எங்கள் வீடுகளில் பகிடியாக இருந்ததில்லை. இருந்தும் நான் சிரித்தேன். அந்தப் பட்டியலால் யாருக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை என்பது தெரிந்திருந்ததால்தான் சிரிக்க முடிந்தது.

கடல் இல்லாத கடற்கரை ஊர்

கதையில் வரும் வோல்மிங்டன் ஒரு கடற்கரை ஊர். அதன் வீதிகளாகப் படமாக்கப்பட்ட தெட்போட் நகரமோ நோர்போக் மாவட்டத்தின் உட்பகுதியில், பைன் காட்டின் நடுவே இருக்கிறது. கேம்பிரிட்ஜ் பக்கமிருந்து நொரிச்சுக்குப் போகும் ரயிலில் போகலாம். கடல் எங்கும் கண்ணுக்கு எட்டாது.

சிறிய ஊர். நடந்தே எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். ஊரின் நடுவில் கில்ட்ஹோல் மண்டபம் நிற்கிறது. தொடரில் வோல்மிங்டன் நகரசபையாக வந்தது அதுதான். அதன் பின்பக்கச் சந்தில் தொண்டர்கள் நடத்தும் சிறு அருங்காட்சியகம் உண்டு. மனரிங்கின் அலுவலகத்தை அதில் மீண்டும் அமைத்து வைத்திருக்கிறார்கள். ஜோன்ஸின் இறைச்சி வானை 2012 இல் ஏலத்தில் வாங்கி ஊருக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். நெதர் றோ என்ற இடத்தில், கருங்கூழாங்கல் பதித்த சுவர்களோடு வரிசையாக நிற்கும் பழைய வீடுகளும் சில அத்தியாயங்களில் வந்தவை. யாரோ குடியிருக்கும் வீடுகள் என்பதால் தள்ளி நின்று பார்த்துவிட்டு வந்தேன். பெல் விடுதி இன்னும் இயங்குகிறது. வருடம்தோறும் வெளிப்புறப் படப்பிடிப்புக்கு வரும்போது லோவும் மற்ற முதன்மை நடிகர்களும் தங்கிய இடம் அது.

ஆற்றங்கரையில் ஒரு வாங்கில் கப்டன் மனரிங் வெண்கலத்தில் உட்கார்ந்திருக்கிறார். 2010 இல் வைத்த சிலை. அவர் அருகில் இடம் விட்டிருக்கிறார்கள். நான் நின்ற நேரத்தில் பிள்ளைகளோடு வந்த ஒரு குடும்பம் போர்த்துக்கேய மொழியில் கதைத்தபடி அவர் தோளில் கைபோட்டுப் படம் எடுத்தது. வேலை தேடி வந்த போர்த்துக்கேயர்கள் இந்த ஊரில் நிறையப் பேர்.

தெட்போட்டில் இன்னும் இரண்டு சிலைகள் இருக்கின்றன. ஒன்று இங்கே பிறந்து, அமெரிக்க, பிரெஞ்சுப் புரட்சிகளுக்குப் பேனா பிடித்த தோமஸ் பெய்னுடையது. மற்றது குதிரைமேல் இருக்கும் மகாராஜா துலீப் சிங். பஞ்சாபின் கடைசிச் சீக்கிய அரசர். சிறு பிள்ளையாக இருக்கும்போதே அரசைப் பறிகொடுத்து, இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்டு, பக்கத்து எல்வெடன் மாளிகையில் வாழ்ந்தவர். அங்கேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். ஆக, ஒரு புரட்சியாளரும் நாட்டை இழந்த ஓர் அரசரும் இல்லாத படையொன்றின் கப்டனும் ஒரே ஊரில் நிற்கிறார்கள். நான் போன அன்று கூட்டம் இருந்தது கப்டனிடம்தான்.

திரும்பாத ஆறு கிராமங்கள்

படப்பிடிப்புக்கு ஏன் இந்த ஊர்? ஊருக்கு வடக்கே ஸ்டான்போட் இராணுவப் பயிற்சி நிலம் இருக்கிறது. வெடி வைக்கலாம், சுடலாம், மின்கம்பமோ புதிய வீடுகளோ குறுக்கே வராது. படையினர் அனுமதி தந்தார்கள். ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் நடிகர்கள் ஒவ்வொருவராக ஆயுதத்தோடு வெளியைக் கடந்து வரும் காட்சி அங்கேதான் எடுக்கப்பட்டது.

அந்த நிலம் எப்படி வெறுமையானது என்பதுதான் கதை. 1942 கோடையில், டொட்டிங்டன், ஸ்டான்போட், லாங்போட், வெஸ்ட் டொஃப்ட்ஸ், பக்கனம் டொஃப்ட்ஸ், ஸ்டேர்ஸ்டன் ஆகிய கிராமங்களின் மக்களை வெளியேறச் சொன்னார்கள். படையினர் உண்மையான குண்டுகளோடு பயிற்சி எடுக்க இடம் தேவைப்பட்டது. போர் முடிந்ததும் திரும்பலாம் என்ற நம்பிக்கையில் சனம் போனது. போர் முடிந்தது. காணிகளை அரசு சட்டப்படி தனதாக்கிக்கொண்டது. ஒருவரும் குடியேறவில்லை. லூசிலா ரீவ் என்ற டொட்டிங்டன் பெண், பண்ணையை இழந்த பிறகும் எல்லை ஓரமாகக் கோழிக்கூடுகளோடு ஒட்டிக்கொண்டிருந்து, போர்நிலத்தில் விவசாயம் செய்ததைப் பற்றி எழுதினார். 1950 இல் இறந்தார். அவரது கல்லறை டொட்டிங்டன் தேவாலயத்தில், வேலிக்கு உள்ளே இருக்கிறது.

இன்று அந்தப் பயிற்சி நிலம் சுமார் 30,000 ஏக்கர். நான்கு தேவாலயங்கள் நிற்கின்றன. அனுமதி பெற்ற குழுக்களாக மட்டும் உள்ளே போகலாம். 2009 இல் அதற்குள் ஆப்கானியக் கிராமம் போன்ற ஒரு மாதிரிக் கிராமத்தைக் கட்டினார்கள், ஆப்கானிஸ்தான் போகும் படையினரின் பயிற்சிக்காக. உண்மையான கிராமங்களைக் காலியாக்கிய நிலத்தில் பொய்க்கிராமம் ஒன்று எழுந்தது.

தெட்போட்டில் இருந்து மண்ட்போட் போகும் வீதியில் எச்சரிக்கைப் பலகைகள் வருகின்றன. நான் கடந்துபோனபோது தூரத்தில் வெடிச்சத்தம் கேட்டது. வீதியில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வலிகாமம் வடக்கில் 1990 இல் கதவைச் சாத்திவிட்டு வந்து, முகாம்களில் பிள்ளை பெற்று, பேரப்பிள்ளையும் கண்டவர்களுக்கு இந்த ஆறு கிராமங்களின் கதையை நான் விளக்கத் தேவையில்லை. ஒன்றை மட்டும் சொல்லலாம். இங்கே வெளியேற்றியது மக்கள் தங்களுடையது என்று நம்பிய அரசு, தங்களுடையது என்று நம்பிய படை. அப்படியிருந்தும் காணி திரும்பவில்லை. அந்தக் கிராமங்களைப் பற்றி நான் கேட்டவர்களில் பலருக்குத் தெரிந்திருக்கவில்லை. அந்த வெளியில் நடந்துவரும் கப்டன் மனரிங்கை மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

பர்மிங்ஹாமில் கடைசி இரவு

நிச வாழ்வில் லோ மனரிங்கிலிருந்து அதிகம் வேறுபட்டவர் அல்ல என்று நண்பர்கள் சொல்வார்கள். ஒழுங்கும் மரியாதையும் பார்ப்பவர். பிரதியை வீட்டுக்குக் கொண்டுபோக மறுப்பார் என்றும், காற்சட்டை கழரும் காட்சியில் நடிக்கமாட்டேன் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுவித்தார் என்றும் கதைகள் உண்டு. எழுத்தாளர்கள் இதைக் கவனித்து, அவரது குணத்தையே சிறிது சிறிதாகப் பாத்திரத்துக்குள் போட்டார்கள். அவருக்கு அது தெரிந்ததா என்பது யாருக்கும் விளங்கவில்லை. 1885 இல் கட்டிய அமேசன் என்ற பழைய நீராவிப் படகை வாங்கித் திருத்தி வைத்திருந்தார். கடலுக்குப் போக முடியாத சிறுவனின் ஆசை அப்படித் தீர்ந்தது.

மனரிங் மட்டுமே அவர் என்று சொல்வதும் சரியல்ல. இயக்குநர் லின்ட்சே அன்டர்சனின் படங்களில் வேறொரு லோவைப் பார்க்கலாம். 1973 இல் வந்த ஓ லக்கி மான் படத்துக்காகச் சிறந்த துணை நடிகருக்கான பிரித்தானிய அக்கடமி விருது பெற்றார். 1974 இல் தொடங்கிய மிஸ்டர் மென் சிறுவர் படங்களுக்குக் குரல் கொடுத்தவரும் அவரே. ஒரு தலைமுறைப் பிள்ளைகள் அந்தக் குரலோடு நித்திரைக்குப் போனார்கள்.

கடைசி வருடங்களில் உடம்பு ஒத்துழைக்கவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே நித்திரை கொண்டுவிடும் நோய் இருந்தது. ஆனாலும் வேலையை நிறுத்தவில்லை. பெரிய தொலைக்காட்சிப் பெயர் இருந்தும், ஜோனுக்கும் இடம் கிடைக்கிறது என்பதற்காகச் சிறு ஊர்களின் மேடைகளுக்குப் போனார். 1982 ஏப்ரல் 14 அன்று பர்மிங்ஹாமின் அலெக்சான்ட்ரா அரங்கில் நாடகம். பகலில் தொலைக்காட்சி நேர்காணல் ஒன்றைக் கொடுத்துவிட்டு வந்தார். மாலையில் ஒப்பனை அறையில் பக்கவாதம் வந்து விழுந்தார். மறுநாள் அதிகாலை வைத்தியசாலையில் இறந்தார். வயது 66.

சட்டன் கோல்ட்பீல்ட் மயானத்தில் நடந்த இறுதிக் கிரியைக்கு வந்தவர்கள் சிலர்தான். ஜோன் வரவில்லை. நாடகக் குழு பெல்பாஸ்ட் போயிருந்தது. ஒப்புக்கொண்ட நாடகத்தில் அவர் நடித்துக்கொண்டிருந்தார். இதைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அடக்கம் செய்யவும் அழவும் நேரமில்லாமல் அடுத்த வேலையைப் பார்த்த பெண்களை எங்கள் சனம் நிறையக் கண்டிருக்கிறது.

அலெக்சான்ட்ரா அரங்கு இன்றும் இயங்குகிறது. நான் போன அன்று வாசலில் ஓர் இசை நாடகத்துக்கு வரிசை நின்றது. முதியவர்கள், பிள்ளைகள், பள்ளிச் சீருடையில் ஒரு கூட்டம். லோ விழுந்த அறை எது என்று கேட்கவில்லை, அது பார்வைக்குரிய இடமும் அல்ல.

1940 இன் பயத்துக்கும் 1968 இன் சிரிப்புக்கும் இடையில் 28 வருடங்கள் இருந்தன. சிரிக்க வைத்தவர்கள் வெளியாட்கள் அல்ல. காயப்பட்டவர்கள், கைதியாக இருந்தவர்கள், முகாமில் நாடகம் போட்டவர்கள். அந்த நாடு வென்ற நாடு, அதன் இறந்தவர்களின் பெயர்கள் ஒவ்வொரு ஊரின் நடுவிலும் கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன. யாரும் அதைத் தடுக்கவில்லை. இவ்வளவும் நடந்த பிறகுதான் அவர்கள் பகிடி பண்ணினார்கள். எங்கள் பதுங்குகுழிகளிலும் பகிடிகள் இருந்தன. ஷெல் விழுந்த இரவுகளில் கிழவிகள் சொன்ன பகிடிகளை இன்றும் சிலர் நினைவு வைத்திருக்கிறார்கள். அவற்றை மேடைக்குக் கொண்டுவர எங்களுக்கும் ஒரு ஆதர் லோ வரக்கூடும். அதற்கு முன்னர் கல்லில் வெட்டவேண்டிய பெயர்களும் திரும்பவேண்டிய காணிகளும் மிச்சம் இருக்கின்றன.